எங்கூட்டுக்காரரு அஞ்சு பேரு

ஏங் கண்ணு, அந்தப் போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. ஆமா, அந்த டிரெய்லருதான். கொப்பரைக் குடோனுக்குள்ள டார்ச் லைட்டப் புடிச்சுட்டு முழிக்கறாரு பாரு, அவரு எங்கூட்டுக்காரரு. சத்தியமா. நம்பலையா? இந்தா, என்ற போன்ல பாரு, எங்க கல்யாண போட்டோ. மீசைய மறைச்சுட்டுப் பாரு. அதே மூக்குதான?

எதுக்கு அம்மிணி அப்படி ஒதுங்கற? அவரு யாரையும் கடத்தல. கடத்தறதா நடிச்சிருக்காரு, அவ்வளவுதான். அடுப்படிக்குப் பூனை வந்தாக்கூட "போயிருங்க"ன்னு மரியாதையாச் சொல்ற ஆளு.

நீ கோயமுத்தூர் வரைக்குமா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு. ஜன்னலோரம் நீயே உக்காந்துக்க, எனக்குக் காத்து ஆகாது. பயப்படாத, நான் ரொம்பப் பேசமாட்டேன். எங்க தெருவுல கேட்டுப் பாரு. கலாமணியா, அவ இருக்கற எடமே தெரியாதும்பாங்க.

அவரு பேரு திருமூர்த்தி. பொள்ளாச்சியில ஒரு பெயிண்டுக் கடையில வேலை. அது வவுத்துக்கு. மனசு பூராவும் சினிமா. எங்கூருப் பக்கம்தான் வருசம் பூரா ஷூட்டிங் நடக்குமல்லோ? ஆலமரத்தடியில பஞ்சாயத்து சீன்னா இவரு ஓடிருவாரு. நாட்டாமை தீர்ப்புச் சொல்றப்பப் பின்னாடி ஒருத்தரு தலையாட்டுவாரு பாரு, அதான் இவரு. எத்தனை நாட்டாமை மாறிட்டாங்க, தலையாட்டறவரு மட்டும் மாறல. டிவியில படம் ஓடறப்ப, "கலா, வா வா, நான் வரேன்"னு கூப்புடுவாரு. கையைத் தொடைச்சுட்டு வர்றதுக்குள்ள அவரு போயிருப்பாரு.

போன வருசம் மெட்ராஸ்ல இருந்து ஒரு டைரக்டர் தம்பி வந்துச்சு. நிகிலன்னு பேரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுட்டு, பாத்தா டைரக்டர்னே சொல்லமுடியாது. ட்யூசன் போற பையன் மாதிரி இருக்கும். குடோன் செவுத்தைப் பழசாக் காட்டறதுக்குப் பெயிண்டு வேணும்னு எங்கவரு கடைக்கு வந்திருக்குது. இவருதான் கலந்து குடுத்திருக்காரு. மறுநா அந்தத் தம்பி திரும்ப வந்து, இவரு முன்னாலயே நின்னுட்டு, "நேத்து எனக்குப் பெயிண்டு குடுத்தவரு எங்கங்க?"ன்னு கேட்டிருக்குது. "நான்தானுங்க"ன்னிருக்காரு. உத்து உத்துப் பாத்துட்டு, அந்தத் தம்பி கடையிலயே குதிச்சுதாம். "நேத்து அரைமணி நேரம் பேசுன மூஞ்சி இன்னைக்கு ஞாபகமே வரல! இந்த மூஞ்சியத்தான் நான் தமிழ்நாடு பூராத் தேடறேன்!"

ஒரு பொண்டாட்டிக்கு இதைக் கேட்டா எப்படி இருக்கும், சொல்லு. சந்தோசப்படறதா, சண்டைக்குப் போறதான்னே தெரியல.

கதை என்னன்னா, ஒருத்தன் ஒரு மில் மொதலாளி பொண்ணைக் கடத்திட்டு வந்து கொப்பரைக் குடோன்ல வெச்சிருக்கறான். அந்தப் பொண்ணுக்குக் குடோனுக்குள்ள நாலஞ்சு பேரு மாறி மாறிப் பேசறது கேக்குது. கண்ணுக் கட்டை அவுத்துப் பாத்தா ஒருத்தன்தான் நிக்கறான். அந்த ஒருத்தன் மனசுக்குள்ள அஞ்சு பேரு. ஒருத்தரு செய்யறது இன்னொருத்தருக்குத் தெரியாது. அந்த ஒருத்தன், அஞ்சு பேரு, எல்லாமே எங்கவருதான். தலையாட்டறதுல இருந்து நேரா ஹீரோ! இல்ல, வில்லனு. என்னமோ ஒண்ணு, போஸ்டர்ல மூஞ்சி வருது.

உடனே பெயிண்டுக் கடை வேலைய விட்டுப்போட்டாரு. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. நான் ஒண்ணும் சொல்லல. நான் எதுக்குமே ஒண்ணும் சொல்லமாட்டேன், அது என்ற சுபாவம்.

ஆனா பாரு கண்ணு, அவருக்கு அது வரல. கண்ணாடி முன்னால நின்னு பழகறாரு, பழகறாரு, அஞ்சு பேரும் ஒரே மாதிரி வர்றாங்க. அஞ்சு பேரும் பெயிண்டுக் கடைக்காரங்க! கத்தியக் கழுத்துல வெச்சு மெரட்டற சீன். "சத்தம் போட்டீன்னா கொன்னுபோடுவேன்"ன்னு சொல்லிப்போட்டு, கூடவே "வேற எதாவது வேணுங்களா?"ன்னு கேக்கறாரு. பழக்கதோசம். என்ற பொண்ணு மிருதுளா, காலேஜ் படிக்கறா, அவ சிரிச்சுச் சிரிச்சுக் கட்டில்ல இருந்து உருண்டுட்டா.

டைரக்டர் தம்பி பாவம், நல்ல மாதிரிதான் சொல்லுச்சு. "அண்ணா, அஞ்சு பேரும் உசுரோட இருக்கோணும். நான் எழுதிக் குடுத்தா வசனமாத்தான் இருக்கும். நிசமான ஆளுகளப் பாருங்க, புடிங்க, கொண்டாங்க." இவரு பஸ் ஸ்டாண்டுக்குப் போயி உக்காந்து ஆளுகளப் பாத்தாரு. மாட்டுச் சந்தைக்குப் போயிப் பாத்தாரு. ஒண்ணும் ஏறல. வேற நடிகரை மெட்ராஸ்ல இருந்து வரச் சொல்லியிருக்கறதா யாரோ சொல்லிப்போட்டாங்க. அன்னைக்கு இவரு சந்தகையத் தட்டுல வெச்சுட்டுத் தொடாமயே உக்காந்திருந்தாரு. "கலா, நான் தலையாட்டறதுக்குத்தான் லாயக்கு"ன்னாரு. வேலையும் போயிருச்சு, ஆசையும் போயிருச்சுன்னா அந்த மனுசன் என்ன பண்ணுவாரு?

நான் ஒரே முடிவா டைரக்டர் தம்பியச் சாப்பாட்டுக்குக் கூப்புட்டுட்டேன். வவுறு நெறைஞ்சா மனசு எரங்குமல்லோ? நாட்டுக்கோழிக் கொழம்பு, அரிசியும்பருப்பு சாதம், மேல நெய்யி.

ஆனா அன்னைக்குன்னு பாத்து ஒரே எடைஞ்சல் அம்மிணி. இப்ப நெனைச்சாலும் மானம் போகுது. தம்பிக்கு எலையப் போட்டுச் சாதத்தை வெக்கறேன், வாசல்ல காய்வண்டிக்காரன் கந்தவேலு. முந்தின நாளு சொத்தைக் கத்திரிக்காயைத் தலையில கட்டிட்டுப் போயிட்டான். சும்மா ரெண்டு வார்த்தை மெல்லமாச் சொன்னேன். "டேய், நில்லுடா! வண்டிய எடுத்தீன்னா சக்கரத்தைக் கழட்டிப்போடுவேன்! புழுவு தின்ன மிச்சத்தைத் திங்கறதுக்கு நாங்க என்ன உன்ற வீட்டுக் கோழியா?" அவ்வளவுதான். அவன் என்னமோ பயந்து வெண்டைக்காய அள்ளி வாசப்படியில வெச்சுட்டு ஓடிட்டான்.

உள்ள வந்து கொழம்பை ஊத்தறேன், எங்கம்மா போன். "ம்மா... தலை வலிக்குதும்மா... நீ வரவே மாட்டீங்கற... போம்மா, உனக்கு அண்ணனத்தான் புடிக்கும்..." பேசி வெக்கறதுக்குள்ள என்ற சேலை குரூப்புல நேரமாயிருச்சு. நான் வீட்டுலயே சேலை விக்கறேன், வாட்ஸப்புல வீடியோ போடோணும். அந்த மூலையிலயே நின்னு, "ஹாய் சிஸ்டர்ஸ்! இன்னைக்கு நம்ம பாக்கப் போறது என்னன்னா, சாஃப்ட் சில்க்கு சிஸ்டர்ஸ், தொட்டுப் பாருங்க, வெண்ணெய்!"ன்னு ஒரு ரெண்டு நிமிசம். அதுக்குள்ள பக்கத்து வீட்டுப் பரிமளக்கா வந்துட்டாங்க. அவங்க என்ற ஓரகத்தி, அவரோட அண்ணன் பொண்டாட்டி. எங்களுக்குள்ள ஒரு இது. "கோழி வாசம் தெருமுக்கு வரைக்கும் வருது, எங்களையெல்லாம் கூப்புடமாட்டீங்க"ன்னாங்க. நான், "அப்படிங்களா. சரிங்க. உக்காருங்க. ரொம்ப சந்தோசமுங்க"ன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். அவங்க உக்காரல. என்னமோ குளுருதுன்னு போயிட்டாங்க.

திரும்பிப் பாக்கறேன், டைரக்டர் தம்பி வாயத் தொறந்தது தொறந்தபடி இருக்குது. கோழித் துண்டு கையிலயே நிக்குது. கண்ணு ரெண்டும் தட்டாட்டம். எனக்குப் பயமாப் போச்சு, எலும்பு கிலும்பு மாட்டிருச்சோன்னு. அப்பறம் எலையத் தாண்டிக் குதிச்சுது பாரு! எங்கவரைக் கட்டிப் புடிச்சு, எச்சக் கையோட முதுகுல தட்டி, "அண்ணா! இதை வீட்டுக்குள்ளயே வெச்சுட்டா ஊரெல்லாம் தேடுனீங்க!"ன்னு கத்துச்சு.

அவ்வளவு ருசி கண்ணு, என்ற கொழம்பு. சாப்புட்டவங்க எல்லாரும் நல்லாருக்குதும்பாங்க, ஆனா இப்படி யாரும் எந்திரிச்சுக் குதிச்சதில்ல.

அன்னையில இருந்து அவரு ஆளே மாறிட்டாரு. இதைச் சொன்னா நீ சிரிப்ப. என்னைய... பாக்க ஆரம்பிச்சாரு. ஆமா, என்னையத்தான். கல்யாணமானப்பக்கூட அந்தப் பார்வை இல்ல. நான் அடுப்படியில நின்னா அடுப்படியில நிக்கறாரு. கடைவீதிக்குப் போனாப் பையைத் தூக்கிட்டுப் பின்னாடியே வர்றாரு. எங்கம்மாகூடப் போன்ல பேசறப்பக் கன்னத்துல கையை வெச்சுட்டு எதுத்தாப்புல உக்காந்து கேக்கறாரு. ஒருநாளு, "கலா, கந்தவேலைத் திட்டுனியே, இன்னொருக்கா திட்டேன், கேக்கறதுக்கு அவ்வளவு நல்லாருக்குது"ங்கறாரு. புருசன் இப்படிக் கேட்டா எந்தப் பொம்பளைக்குத்தான் ஆசை வராது? நான் தெனமும் பூ வெச்சேன். காலையிலயே நல்ல சேலையாக் கட்டிக்கிட்டேன். மிருதுளா, "அம்மா, அப்பா உன்னையச் சைட் அடிக்கறாரு"ன்னா. போடி கழுதைன்னேன், ஆனா முகமெல்லாம் சூடாயிருச்சு.

இரு கண்ணு, போன் வருது. "ஹலோ! சொல்லுங்க சிஸ்டர்! அய்யோ, அந்த மாம்பழக் கலரு உங்களுக்குன்னே நெய்ஞ்சது சிஸ்டர்! ஆமாங்க சிஸ்டர், லவ் யூ சிஸ்டர்!" ... ம், எங்க விட்டேன்? ஏன் அப்படிக் குலுங்கற? தண்ணி இருக்குதா? குடி குடி.

ஷூட்டிங் நடந்த எடத்துக்கு என்னைய விடவே இல்ல. நீ வந்தா எனக்கு வெக்கமாயிரும்னு சொல்லிப்போட்டாரு. அங்க இவரு நடிக்க நடிக்க எல்லாரும் கை தட்டறாங்கன்னு மட்டும் காதுக்கு வந்துச்சு. மெட்ராஸ் நடிகரு வந்த வண்டியிலயே திரும்பிட்டாராம்.

போன வெள்ளிக்கெழமை படம் வந்துச்சு. "குடோனுக்குள் ஐவர்." காலைக் காட்சிக்கே எங்க தெரு பூராவும் தியேட்டர்ல. எனக்கு ஒரு பக்கம் மிருதுளா, இன்னொரு பக்கம் பரிமளக்கா. முன்வரிசையில கந்தவேலு.

மொத ஆளு வர்றாரு. அந்தப் பொண்ணு சாப்பாட்டைத் தள்ளிவிட்டுருச்சு. இவரு, "அடியே! ஒரு பருக்கை கீழ கெடந்துச்சுன்னா பொறுக்கித் திங்க வெப்பேன்! சோறு என்ன மரத்துலயா காய்க்குது?"ன்னு ஒரு கத்துக் கத்துனாரு பாரு, தியேட்டரே ஆடிப் போச்சு. கந்தவேலு எந்திரிச்சு நின்னு, என்ற பக்கம் திரும்பி, "அக்கா!"ன்னு ஒரு விசில். எங்கவரு நடிப்புன்னா அவனுக்கு அவ்வளவு உசுரு. நான் மிருதுளாகிட்டச் சொன்னேன், "இந்த வாயி கந்தவேலு வாயேதான், அவனத்தான் பாத்துப் புடிச்சிருக்காரு"ன்னு. அவ தாவணிய வாயில திணிச்சுட்டா.

ரெண்டாவது ஆளு ஒரு பொம்பளை. இவருதான், சாக்கைத் தோள்ல போட்டுட்டு, இடுப்பை ஒடிச்சு நின்னுட்டு, அந்தப் பொண்ணைக் கட்டிப்போடற கவுறைக் காட்டறாரு. "ஹாய் சிஸ்டர்! பாருங்க, ஒரிஜினல் தேங்கா நாரு, கையில கட்டுனா உறுத்தவே உறுத்தாது, உங்க கலருக்கு அப்படியே தூக்கிக் குடுக்கும்!" சிரிச்சுச் சிரிச்சு சனம் சீட்டுல இருந்து விழுகுது. சிரிச்ச வாய மூடறதுக்குள்ள அந்தக் கவுறை ஒரு இறுக்கு இறுக்கறாரு. அப்படியே கப்புன்னு சத்தம் அடங்கிப் போச்சு. டிவியில நகைக் கடை வெளம்பரத்துக்கு வர்ற பொண்ணுக இப்படித்தான் பேசுங்க, அங்கதான் புடிச்சிருப்பாரு.

மூணாவது ஒரு கொழந்தை. மூலையில குந்த வெச்சுட்டு, "ம்மா... யாருக்குமே என்னையப் புடிக்கல"ன்னு அழுகுது. அது எங்கண்ணன், அவன் இப்பவும் அப்படித்தான். நாலாவது ஆளுதான் கண்ணு உச்சம். கத்தமாட்டான், அடிக்கமாட்டான். அந்தப் பொண்ணு கெஞ்சறா, கால்ல விழறா. அவன் நிமிந்து நின்னுட்டு, "அப்படிங்களா. சரிங்க. ரொம்ப சந்தோசமுங்க"ங்கறான். குலை நடுங்குது! பரிமளக்காவே நேர்ல நிக்கற மாதிரி. எனக்கு அடக்கமுடியல. அவங்க காதுகிட்டக் குனிஞ்சு, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, உங்களையத்தான் எடுத்து வெச்சிருக்காரு"ன்னேன். அவங்க என்னையத் திரும்பிப் பாத்தாங்க. ஒரு நிமிசம் பாத்துட்டே இருந்தாங்க. அப்பறம் என்ற கையப் புடிச்சுட்டு, அந்த சீன் முடியற வரைக்கும் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிச்சாங்க. இத்தனை வருசத்துல அவங்க என்ற கையப் புடிச்சது அன்னைக்குத்தான். இப்ப நாங்க ரெண்டு பேரும் ராசி. கொழம்பு மாத்திக்கறோம்.

அஞ்சாவது ஆளைப் பத்தித்தான் உங்கிட்டச் சொல்லோணும்.

அந்த ஆளு படம் பூராவும் வரமாட்டான், கடைசியிலதான் வருவான். வெளிய போலீசு. உள்ள அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல், அனத்திட்டு இருக்கறா. நாலு பேரும் மாறி மாறி வந்து பேசிப்போட்டு அடங்கிட்டாங்க. அப்ப இவரு வந்து அவ பக்கத்துல உக்காந்தாரு. மூஞ்சியே வேற. கையை எடுத்துத் தன் மடியில வெச்சுட்டு, மெல்லமா, "ஒண்ணுமில்ல சாமி. ஒண்ணுமே இல்ல. நான் இருக்கறனல்லோ? கண்ணை மூடிக்கோ. நான் இங்கயேதான் இருப்பேன்"ன்னாரு. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாரு. சொல்லிட்டே கவுறை அவுத்தாரு. சொல்லிட்டே போயிக் கதவைத் தொறந்துவிட்டாரு.

கந்தவேலு துண்டால மூஞ்சியத் தொடைக்கறான். நான் அழுதேன் பாரு, ஏன் அழுகறேன்னே தெரியாம அழுதேன். எங்க வீட்டுல அப்படிப் பேசற ஆளே கெடையாது. இந்தக் கொரலை இவரு எங்க கேட்டாரு?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏனுங்க, நாலு பேரைக் கண்டுபுடிச்சுட்டேன். அந்த அஞ்சாவது யாருங்க?" இவரு என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, "எனக்கு டெங்கு வந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில கெடந்தனே, அப்ப ஒருத்தி பக்கத்துல உக்காந்து இப்படியே பேசிட்டிருந்தா. அவ இல்லீன்னா நான் பொழைச்சிருக்க மாட்டேன்"ன்னாரு. சொல்லிப்போட்டுக் கண்ணைத் தொடைச்சுட்டுப் போயிட்டாரு.

ஒருத்தியாம்! எனக்கு எப்படி இருந்திருக்கும்? எவளோ ஒரு நர்ஸு! ரெண்டு நாளு நான் அவருகூடப் பேசல. அப்பறம் ரோசிச்சேன். எவளா இருந்தா என்ன, என்ற புருசனைப் பொழைக்க வெச்சவ. இன்னைக்கு அவரு போஸ்டர்ல நிக்கறாருன்னா அவளாலதான? அதான் கெளம்பிட்டேன். ஒரு நல்ல சேலையா எடுத்துட்டு, ஆஸ்பத்திரிக்குப் போயி விசாரிச்சு, அவ கையில குடுத்து, ஒரு கும்புடு போட்டுட்டு வந்தரோணும். அப்படியே அவ எப்படி இருக்கறான்னும் ஒரு பார்வை பாத்துக்கலாம்.

என்ன கேக்கற? அப்ப நான் எங்க இருந்தேனா? நல்லாக் கேட்ட போ. பக்கத்துலதான் இருந்தேன். நான் நகரவே இல்லியே. டாக்டரு வீட்டுக்குப் போங்கன்னாரு, போகல. நானே வேற யாரையும் கிட்ட விடல. அதான் எனக்கும் புரியல அம்மிணி, அவ எந்த நேரத்துல வந்து பேசியிருப்பா?

நான் என்ன பேசுனேனா? யாருக்குக் கண்ணு ஞாபகம்? ரத்தத்துல என்னமோ கொறைஞ்சு போச்சுன்னுட்டாங்க, எனக்கு உசுரே இல்ல. கையப் புடிச்சு மடியில வெச்சுட்டு எதையோ சொல்லிட்டிருந்திருப்பேன். ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமே இல்ல, நான் இருக்கறனல்லோன்னு...

...

ஏங் கண்ணு.

இரு. பேசாத. கொஞ்சம் பேசாத இரு.

அப்ப அந்தக் கந்தவேலு என்ற பக்கம் திரும்பி எதுக்கு விசிலடிச்சான்? சாக்கைப் போட்டுட்டு "ஹாய் சிஸ்டர்"னு... அய்யோ. அய்யய்யோ! பரிமளக்கா காதுல போயி நானே குனிஞ்சு... அட சாமி! கொழம்பு நல்லாருக்குதுன்னு அந்தத் தம்பி குதிக்கலியா அப்ப? பூ வெச்சனே கண்ணு! தெனமும் பூ வெச்சனே! அந்தாளு உக்காந்து பாடம் படிச்சிருக்கறான், நான் கண்ணாடி பாத்துப் பொட்டு வெச்சிருக்கறேன்!

சிரிக்காத. சிரிக்காதடி. எனக்கும் சிரிப்பு வருது, இரு. அழுகையும் வருது. ரெண்டும் ஒண்ணா வந்தா எதைய மொதல்ல விடறது?

ஏனுங்க கண்டக்டரு! இது கெணத்துக்கடவுதான? நிறுத்துங்க! நிறுத்துங்கறேன்ல! டேய், விசிலடிக்கறியா, இல்ல அதைப் புடுங்கி வெளிய வீசட்டுமா?

பாத்தியா? பாத்தியா அம்மிணி? இதுதான மொத ஆளு!

நகரு கண்ணு, வழி விடு. எதுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிப் போறேன். அந்த மனுசன் இந்நேரம் வாசல்ல உக்காந்துட்டு பேட்டி குடுத்துட்டிருப்பாரு. போயி என்ன கேப்பேன்னு தெரியல. கத்துனா அது மொத ஆளு, கொஞ்சுனா ரெண்டாவது, அழுதா மூணாவது, மரியாதையாப் பேசுனா நாலாவது. பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சேன்னா அதையும் நடிச்சுப்போட்டாரு. எந்த வாயத் தொறந்தாலும் அவருகிட்ட ஏற்கெனவே இருக்குது.

வரட்டா? பொள்ளாச்சி போயிச் சேர்றதுக்குள்ள ஆறாவதா ஒருத்தியைப் புடிச்சாகோணும்.